மலையகச் சுரங்கத்துக்குள் தண்டவாளம் போடுவது: கூட்ஸ் வண்டிக்கும் பயணிகள் கோச்சிக்கும் ஒரே பாதை

ரம்புக்கனையைத் தாண்டியதும் கொழும்பு–பதுளைப் பாதை மலையேறத் தொடங்கிவிடுகிறது. 44 அடி நீளத்துக்கு 1 அடி ஏற்றம், 5 சங்கிலி ஆரமுள்ள வளைவுகள், அதாவது ஏறத்தாழ 100 மீட்டர், 1,676 மில்லிமீட்டர் அகலப்பாதை. 1867இல் கண்டி, 1874இல் நாவலப்பிட்டி, 1885இல் நானுஓயா, 1894இல் பண்டாரவளை, 1924இல் பதுளை என்று படிப்படியாக ஏறிய இந்தப் பாதையில் நாற்பதுக்கும் மேற்பட்ட சுரங்கங்கள் இருக்கின்றன. கொட்டகலைக்கும் ஹட்டனுக்கும் நடுவில் இருக்கும் சிங்கமலைச் சுரங்கம் 562 மீட்டர். தெமோதரையில் பாதை ஒரு சுற்றுச் சுற்றி, தான் கடந்து வந்த நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தில் நுழைந்து போகிறது.

இப்படிப்பட்ட மலையில் புதிதாக ஒரு சுரங்கப்பாதை போடுபவரும், பழைய சுரங்கத்துக்குள் தண்டவாளத்தைப் புதுப்பிப்பவரும் எந்த வரிசையில் கணக்குப் போட வேண்டும், எங்கே சறுக்கும், ஏன் சறுக்கும் என்பதுதான் இங்கே. இரண்டு விஷயத்தை முதலிலேயே மனதில் பதித்துக்கொள்ளுங்கள். சுரங்கத்துக்குள் பாதையைக் கெடுப்பது பெரும்பாலும் பாரம் இல்லை, தண்ணீர். அடுத்தது, மலைப்பாதையின் அளவுகளைத் தீர்மானிக்க வேண்டியது வேகமாக இறங்கும் பயணிகள் கோச்சி மட்டும் இல்லை. மழையில் முக்கி முனகி ஏறும் பாரவண்டியும்தான்.

அளவெடுப்பு

கோடு வரையும் முன் மூன்று அளவுகள் கையில் வேண்டும்: சுவர், நீர், கல்.

பழைய சுரங்கமாக இருந்தால் 5 மீட்டருக்கு ஒரு குறுக்குவெட்டு எடுங்கள். லேசர் ஸ்கேனர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் டிரொலியில் மரச்சட்டம் பொருத்தித் தள்ளிக்கொண்டு போனாலும் எங்கே இடிக்கும் என்று தெரிந்துவிடும். கையால் குடைந்த சுரங்கங்களில் இரண்டு குறுக்குவெட்டு ஒன்றுபோல இருக்காது. பாறை துருத்திக்கொண்டு நிற்கும் ஒரே ஒரு முனைதான் முழுச் சுரங்கத்தின் அளவு. சராசரி எடுத்து வேலை செய்தால் அந்த முனையில் பெட்டியின் கூரை உரசும்.

நீரை ஒரு நாளில் அளந்துவிட்டு வராதீர்கள். பட்டிப்பொலைக்கும் ஒஹியாவுக்கும் இடையில், 1,898 மீட்டர் உயரத்தில் பாதை உச்சியைத் தொடுகிறது. அங்குள்ள சுரங்கத்தின் ஒரு வாயில் பனிமூட்டத்தில் நனைந்திருக்க, மறுவாயிலில் வெயில் அடிப்பதைப் பயணிகள் அடிக்கடி பார்ப்பார்கள். மேற்குச் சரிவுக்கு மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. கிழக்கே உள்ள ஊவாப் பக்கத்துக்கு டிசம்பர் தொடங்கி வடகீழ்ப் பருவமழை. ஒக்டோபர், நவம்பர் மழை இரண்டு பக்கத்தையும் விடாது. ஆகவே குறைந்தது ஒரு முழு வருடம், மாதம் ஒருமுறை, ஒவ்வொரு கசிவையும் எண் போட்டு, வாளியும் கடிகாரமும் வைத்து அளவெடுங்கள். 10 லீட்டர் வாளி 40 விநாடியில் நிறைந்தால் நிமிடத்துக்கு 15 லீட்டர். மழை பெய்து எத்தனை நாள் கழித்து அந்தக் கசிவு கூடுகிறது என்பதையும் குறித்துவைத்தால், நீர் பக்கத்துப் பிளவிலிருந்து வருகிறதா, தூரத்திலிருந்து வருகிறதா என்று புரியும்.

கல்லைப் பற்றி. மத்திய மலையகம் பழைய உருமாறிய பாறைகளின் நிலம். சார்னொகைட் கெட்டியானது, சுரங்கத்துக்கும் நல்லது, உடைத்துத் தண்டவாளத்துக்கு அடியில் சல்லிக்கல்லாகப் போடவும் நல்லது. கொண்டலைட் வெயிலிலும் மழையிலும் சீக்கிரம் உளுத்துச் செம்மண்ணாகும். சுண்ணாம்புத் தன்மையுள்ள பளிங்குப்பாறைப் பட்டைகள் வரும் இடத்தில் நீர் கல்லைக் கரைத்துப் பொந்து செய்திருக்கும். வெட்டியெடுத்த கல் கிடக்கிறதே என்று பளிங்கையும் கொண்டலைட்டையும் பாதைக்குச் சல்லியாக்காதீர்கள். வண்டி ஓட ஓட மாவாகி, தண்ணீரோடு சேர்ந்து சேறாகும்.

ஏற்றம்: வளைவுக்கும் ஈரத்துக்கும் விட்டுக்கொடுங்கள்

44க்கு 1 என்பது நூற்றுக்கு 2.27. ஒரு தொன் எடையை அந்த ஏற்றத்தில் இழுக்க 22.7 கிலோ விசை வேண்டும். நேர்ப்பாதையில் சக்கரம் உருள ஒரு தொன்னுக்கு 3 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். 100 மீட்டர் ஆரமுள்ள வளைவு இன்னொரு 7 கிலோ கேட்கும். மொத்தம் கிட்டத்தட்ட 33 கிலோ.

எஞ்சினையும் சேர்த்து 300 தொன் பாரவண்டி என்றால் 9.8 தொன் இழுவிசை தேவை. எல்லாச் சக்கரமும் இழுக்கும் 80 தொன் எஞ்சினுக்கு, காய்ந்த தண்டவாளத்தில் எடையில் கால்பங்கு பிடிமானம் கிடைக்கும், அதாவது 20 தொன். பிரச்சினையே இல்லை. நனைந்த தண்டவாளத்தில் அது 12 தொன் ஆகும். பனித்துளியும் எண்ணெய்ப் பிசுக்கும் புகைக்கரியும் சேர்ந்து வழுக்கும் சுரங்கத்துக்குள் பத்தில் ஒரு பங்குதான் கிடைக்கும், 8 தொன். தேவை 9.8. சக்கரம் சுழலும், வண்டி நகராது.

இதற்குத்தான் வளைவில் ஏற்றத்தைக் குறைக்கிறோம். இந்திய அகலப்பாதை வழக்கப்படி 70ஐ ஆரத்தால் வகுத்தால் குறைக்க வேண்டிய சதவீதம் கிடைக்கும். 100 மீட்டர் ஆரத்துக்கு 0.7. அப்போது 2.27 என்பது 1.57 ஆகிறது, அதாவது 64க்கு 1. இப்போது தொன்னுக்கு 25.7 கிலோ, 300 தொன்னுக்கு 7.7 தொன். மிக மோசமான நாளிலும் அந்த 8 தொன்னுக்குள் மயிரிழையில் அடங்குகிறது. மணல் தூவும் கருவி ஒழுங்காக இருந்தால் ஏறிவிடும்.

இதற்கு விலை உண்டு. சுரங்கத்துக்குள் 500 மீட்டர் வளைவில் 0.7 சதவீதத்தை விட்டுக்கொடுத்தால் 3.5 மீட்டர் உயரம் குறைகிறது. அந்த உயரத்தை வெளியே எடுக்க 44க்கு 1 ஏற்றத்தில் இன்னும் 154 மீட்டர் பாதை தேவை. கொடுக்கத் தகுந்த விலைதான். சுரங்கத்தின் நடுவே நின்றுபோன வண்டியைப் பின்னால் இறக்குவதை விட ஆபத்தான வேலை மலைப்பாதையில் வேறு இல்லை.

எதிர்ப்பக்க எல்லையும் உண்டு. ஏற்றம் 500க்கு 1க்குக் கீழே போகக் கூடாது; போனால் கானில், அதாவது வடிகாலில், நீர் தேங்கும். சுரங்கத்துக்குள் பாதை ஓரிடத்தில் இறங்கி மறுபடி ஏறுவதாகக் கோடு வரையவே வரையாதீர்கள். அந்தப் பள்ளத்தில் காலம் முழுக்கப் பம்பு வைக்க வேண்டிவரும், மின்சாரம் போகிற இரவில் பாதை முழுகும்.

வளைவில் எவ்வளவு உயர்த்துவது

வளைவில் வெளித் தண்டவாளத்தை உட்தண்டவாளத்தை விட உயர்த்தி வைப்பதைப் பாதைவேலைக்காரர் கேன்ட் என்பார்கள். கணக்கு இதுதான்: வேகத்தை வேகத்தால் பெருக்கி, 1,750ஆல் பெருக்கி, ஆரத்தின் 127 மடங்கால் வகுக்க வேண்டும். வேகம் மணிக்குக் கிலோமீட்டரில், ஆரம் மீட்டரில், விடை மில்லிமீட்டரில். அந்த 1,750 அகலப்பாதையில் இரு தண்டவாளத் தலைகளின் நடுவுக்கு நடு உள்ள தூரம்.

100 மீட்டர் ஆரத்தில் 25 கிலோமீட்டர் வேகத்துக்கு 86 மில்லிமீட்டர் வரும். 15 கிலோமீட்டரில் ஏறும் பாரவண்டிக்கு 31 போதும். 86ஐ வைத்தால் பாரவண்டியின் எடை உட்தண்டவாளத்தில் சாய்ந்து அதன் தலையை நசுக்கும். 31ஐ வைத்தால் பயணிகள் வண்டி வெளித் தண்டவாளத்தின் பக்கவாட்டைத் தேய்க்கும்.

நடுவைக் கண்ணால் பிடிக்காமல் எடையால் பிடிக்க வேண்டும். எடுத்துக்காட்டுக்கு, ஒரு நாளில் 250 தொன் பயணிகள் வண்டி எட்டு, 25 கிலோமீட்டர் வேகத்தில். 300 தொன் பாரவண்டி நான்கு, 15 கிலோமீட்டரில். ஒவ்வொரு வகையின் மொத்தத் தொன்னையும் அதன் வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கிக் கூட்டி, எல்லாத் தொன்னின் கூட்டுத்தொகையால் வகுத்தால் 475 வருகிறது. அதற்கான கேன்ட் 65 மில்லிமீட்டர். இதைச் சற்று இறக்கி 60 என்று வையுங்கள். மழைநாளில் பாரவண்டி 15இலும் போகாது, 8இல்தான் ஊரும். அப்போது அதற்குத் தேவையான கேன்ட் 9 மில்லிமீட்டர்தான். 60 வைத்தால் பயணிகள் வண்டிக்கு 26 குறைவு, பாரவண்டிக்கு 15இல் 29 மிகை, 8இல் 51 மிகை. இந்திய அகலப்பாதை விதிகள் இரண்டுக்கும் 75 வரை இடம் கொடுக்கின்றன, எனவே போதிய தாராளம் இருக்கிறது.

அந்த 60ஐ ஒரேயடியாக ஏற்ற முடியாது. நேர்ப்பாதையிலிருந்து வளைவுக்கு மாறும் நீளத்தில் படிப்படியாக ஏற்ற வேண்டும். 720க்கு 1 என்றால் 43 மீட்டர் நீளம் தேவை, இடமே இல்லாத இடத்தில் 360க்கு 1 என்று 22 மீட்டர். மலையில் ஒரு வளைவு முடியுமுன் எதிர்வளைவு தொடங்கிவிடும். இரண்டுக்கும் நடுவே நேர்ப்பாதை இல்லாதபோது வேகத்தைக் குறையுங்கள், முறுக்கைக் கூட்டாதீர்கள். காலியான தாங்கிப் பெட்டி விறைப்பானது. பாதை முறுக்கினால் அதன் ஒரு சக்கரம் எடையிழந்து தண்டவாளத்தின் மேல் ஏறிவிடும்.

வளைவு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது நூல்வேலை. 10 மீட்டர் நீளமான மெல்லிய நைலோன் நூல், இரண்டு முனையிலும் ஒரே தடிப்பில் மரக்கட்டை. வெளித் தண்டவாளத்தின் உள்முகத்தில், தலையிலிருந்து 14 மில்லிமீட்டர் கீழே இரு முனையையும் அழுத்திப் பிடித்து, நூல் தொய்யாமல் இழுத்து, நடுவில் அடிமட்டத்தை வைத்துத் தண்டவாளத்துக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியைப் படியுங்கள். கட்டைத் தடிப்பைக் கழித்துவிடுங்கள். 100 மீட்டர் ஆரத்துக்கு 125 வர வேண்டும். 5 மீட்டர் தள்ளி அடுத்த அளவு. ஓரிடத்தில் 135 வந்தால் அங்கே ஆரம் 93 மீட்டராகச் சுருங்கியிருக்கிறது. சுரங்கத்துக்குள் காற்று வீசும் வாயில்களில் நூல் ஆடும், அங்கே இரண்டு முறை படியுங்கள். அடையாளங்களைத் தண்டவாளத்தைத் தாங்கும் சிலிப்பர் கட்டையில் போடாமல் சுவரில் பித்தளை ஆணியாக அடித்துவையுங்கள். கட்டை நகரும், சுவர் நகராது. நெடுக்கோட்டுக்கு வெளித் தண்டவாளம் ஆதாரம், மட்டத்துக்கு உட்தண்டவாளம் ஆதாரம். கூர்வளைவுக்காகப் பாதை அகலத்தைச் சில மில்லிமீட்டர் கூட்டும்போதும் உட்தண்டவாளத்தைத்தான் நகர்த்த வேண்டும்.

பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே

நேரான பெட்டி வளைந்த பாதையில் நிற்கும்போது அதன் நடு உட்பக்கம் துருத்தும், முனைகள் வெளிப்பக்கம் துருத்தும். 21.3 மீட்டர் நீளப் பெட்டி, இரு முனைச் சக்கரத்தொகுதிகளின் (போகி) நடுக்களுக்கு இடையே 14.8 மீட்டர் என்றால், 100 மீட்டர் ஆரத்தில் நடு 274 மில்லிமீட்டர் உள்ளே வரும். முனை 293 வெளியே போகும். இதற்கு மேல் 60 மில்லிமீட்டர் கேன்ட் பெட்டியைச் சாய்க்கும். தண்டவாளத்திலிருந்து 3.5 மீட்டர் உயரத்தில் அந்தச் சாய்வு 120 மில்லிமீட்டர். ஆக, உட்பக்கச் சுவரின் மேற்பகுதிக்கு 394 மில்லிமீட்டர் கூடுதல் இடம் வேண்டும். ஸ்பிரிங் ஆட்டம், பாதை நகர்வு, தேய்மானம் எல்லாம் அதற்கும் மேலே.

எல்லோரும் மறப்பது வெளிக்கூரை ஓரத்தை. வெளித் தண்டவாளத்தை 60 உயர்த்தினால் 3.25 மீட்டர் அகலப் பெட்டியின் வெளிப்பக்கக் கூரை ஓரம் கிட்டத்தட்ட 86 மில்லிமீட்டர் மேலே எழும்பும். வளைவான கூரையுள்ள சுரங்கத்தில் இடம் முதலில் தீர்ந்துபோவதும் அங்கேதான். ஆகவே பாதையின் நடுக்கோட்டைச் சுரங்கத்தின் நடுக்கோட்டில் வைக்காமல், கணக்குப் பார்த்துச் சற்று ஒரு பக்கம் தள்ளி வைப்பது வழக்கம். கதவில் தொங்கிக்கொண்டும் ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டும் வரும் பிள்ளைகளை நினைத்து, கணக்கில் வந்த இடைவெளிக்கு மேலும் இருப்பதை எல்லாம் விட்டுவையுங்கள். சுவர்ப்பக்கம் கேபிள் தாங்கியோ விளக்கோ போடுபவர் அந்த இடத்தைத் தின்னாதபடி, படத்தில் சிவப்புக் கோடு போட்டுக் காட்டுங்கள்.

சல்லியா, கொங்கிரீட்டா

60 கிலோ தண்டவாளம், அதாவது மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ளது, 172 மில்லிமீட்டர் உயரம். அதன் கீழே ரப்பர்த் தட்டு, 210 மில்லிமீட்டர் கொங்கிரீட் சிலிப்பர், அதற்கும் கீழே 300 மில்லிமீட்டர் சல்லி: எல்லாம் சேர்ந்து 690ஐத் தொடும். கொங்கிரீட் படுக்கையில் நேரடியாகத் தண்டவாளத்தைப் பொருத்தினால் 440 அளவில் முடிக்கலாம். 250 மில்லிமீட்டர் தலைக்குமேல் மிச்சம். பழைய சுரங்கத்தில் அது பெரிய சொத்து.

சல்லிப்பாதையின் இன்னொரு தொல்லை, அது வளரும். ஒவ்வொரு முறை சல்லி இறுக்கும்போதும் பாதை 10, 20 மில்லிமீட்டர் எழும்பும். பத்து முறை இறுக்கிய பிறகு கூரைக்கு இடம் போதாது. சுவரில் 10 மீட்டருக்கு ஒரு தகடு அடித்து, அதிலிருந்து தண்டவாள மட்டத்துக்கு எவ்வளவு இருக்க வேண்டும் என்று வெட்டி எழுதிவையுங்கள். அதற்கு மேல் யாரும் தூக்கக் கூடாது. சல்லி 20 முதல் 65 மில்லிமீட்டர் வரையான கல்லாக, கூர்முனைகளுடன், கழுவியதாக இருக்கட்டும். சிலிப்பர் 600 மில்லிமீட்டருக்கு ஒன்று.

அப்படியானால் எப்போதும் கொங்கிரீட் தானா? இல்லை. பாறை கெட்டியாக, நீர் அடங்கியதாக, பாதையைச் சில வாரம் மூட முடிவதாக இருந்தால் கொங்கிரீட். இரவில் நான்கு மணி நேரம்தான் கிடைக்கும், அடித்தளம் களிமண், சுவர் அசைகிறது என்றால் சல்லியையே நன்றாகப் போடுங்கள். அசையும் நிலத்தில் போட்ட கொங்கிரீட் வெடித்தால் அதைத் திருத்துவது, சல்லியைத் திருத்துவதைப் போலப் பத்து மடங்கு வேலை.

கொங்கிரீட் போடும் வரிசை இது. பழைய சல்லியும் சேறும் அள்ளி, கெட்டிப்பாறை தெரியும் வரை கழுவுங்கள். உளுத்த இடத்தைத் தோண்டி மெலிந்த கொங்கிரீட்டால் நிரப்புங்கள். பழைய சுவரின் அத்திவாரத்துக்கு அருகே ஆழமாக்க வேண்டுமென்றால் நீளமாகத் தோண்டவே கூடாது. 2 மீட்டர் துண்டு தோண்டி, கட்டி, காய்ந்த பிறகு, இடையில் விட்ட அடுத்த துண்டு. பிறகு நீர் வெளியேறும் துளைகள். அதற்குப் பிறகு கம்பி. அடுத்து தண்டவாளத்தையும் பிடிப்புகளையும் தாங்கிச் சட்டத்தில் தொங்கவிட்டு, அகலம், கேன்ட், நெடுக்கோடு எல்லாம் சரிபார்த்துப் பூட்டி, கடைசியில்தான் கீழே கொங்கிரீட் ஊற்ற வேண்டும். அகலத்தில் 1 மில்லிமீட்டர், கேன்ட்டில் 2 மில்லிமீட்டருக்கு மேல் பிழை விடாதீர்கள். கொங்கிரீட் இறுகிய பிறகு அந்தப் பிழை பேரப்பிள்ளை காலம் வரை இருக்கும். முதல் இறுக்கம் வந்ததும் பிடிப்புகளைத் தளர்த்திவிடுங்கள். தண்டவாளம் சூட்டில் அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் பச்சைக் கொங்கிரீட் பிடிப்பைச் சுற்றி வெடிக்கும். ஏழு நாள் ஈரச்சாக்கு.

அந்த நீர்த்துளைகளை வீண்செலவு என்று விட்டுவிடுபவர்களுக்காக ஒரு கணக்கு. 300 மில்லிமீட்டர் தடிப்புள்ள கொங்கிரீட் ஒரு சதுர மீட்டருக்கு 7.2 கிலோநியூட்டன் எடை. அடியில் நிற்கும் நீர் 1 மீட்டர் உயர அழுத்தத்தோடு இருந்தாலே 10 கிலோநியூட்டனால் மேலே தள்ளும். வெறும் ஒரு மீட்டர் நீர் பாதையையே தூக்கிவிடும். மலைக்குள்ளே பல மீட்டர் நீர் நிற்கும். 75 மில்லிமீட்டர் துளைகளை 3 மீட்டருக்கு ஒன்றாகப் பாறைக்குள் இறக்கி, கானில் திறந்துவிடுங்கள். பாறையோடு இரும்புக் கம்பியாலும் பிணையுங்கள்.

தண்ணீருக்கு வழி

தோட்டத்தில் கான் வெட்டத் தெரிந்தவருக்கு இந்தப் பகுதி புதிதாக இருக்காது. தேயிலைமலையில் மண் போகாமல் நீரை மெல்லக் கூட்டிக்கொண்டு போகும் அதே அறிவுதான் இங்கேயும்.

முதல் கான் சுரங்கத்துக்கு வெளியே, வாயிலுக்கு மேலே சரிவில். மேலேயுள்ள தேயிலைக் கான்கள் எங்கே முடிகின்றன என்று நடந்து பாருங்கள். ஒரு தோட்டக் கான் சுரங்கவாயிலின் தலையில் கொட்டிக்கொண்டிருந்தால், உள்ளே என்ன செய்தாலும் பயனில்லை. வாயிற்சரிவு மண்சரிவு அபாய வலயத்தில் வருகிறதா என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் வரைபடத்தில் பார்த்துவிட்டே வாயிலின் இடத்தை முடிவுசெய்யுங்கள். சில மீட்டர் நீளமான போலிச்சுரங்கக் கூரை கட்டி வாயிலை வெளியே நீட்டுவது, ஒவ்வொரு மழைக்கும் மண் அள்ளுவதை விட மலிவு.

உள்ளே, சுவருக்குப் பின்னால் நிற்கும் நீர் வழிந்து வெளியேறப் பீலி வையுங்கள். கொங்கிரீட் பூச்சுக்குப் பின்னால் நீர்வடி விரிப்பும் துளைக்குழாயும் வைத்து, நீர் எங்கே வருகிறதோ அங்கேயே பிடித்துக் குழாயில் இறக்கிக் கானில் விட வேண்டும். ஒரு சொட்டும் தண்டவாளத்தில் விழக் கூடாது. எல்லாவற்றையும் சிமெந்தால் அடைத்தால் அது வேறு இடத்தில் கிழித்துக்கொண்டு வரும்.

பக்கக்கானின் அளவு: 300 மில்லிமீட்டர் அகலக் கொங்கிரீட் கானில் 200 மில்லிமீட்டர் ஆழம் நீர் ஓடினால், 64க்கு 1 சரிவில் விநாடிக்கு 97 லீட்டர் போகும். அதே கான் 500க்கு 1 சரிவில் 35 லீட்டர்தான் கொண்டுபோகும். நீங்கள் அளந்த மழைக்காலக் கசிவுகளின் மொத்தத்தைப் போல மூன்று மடங்குக்காவது இடம் வையுங்கள். கானின் நீர்மட்டம் சல்லியின் அடிமட்டத்துக்குக் கீழே இருப்பது கட்டாயம். 30 மீட்டருக்கு ஒரு சேற்றுக்குழி, கையால் தூக்கக்கூடிய மூடி. 60 கிலோ மூடி போட்டால் யாரும் திறந்து துப்புரவு செய்ய மாட்டார்கள். சிமெந்திலிருந்து கரையும் சுண்ணாம்பு கானுக்குள் வெள்ளைக் கல்லாகப் படியும், இரும்புச் சத்துள்ள நீர் செம்பழுப்புக் குழம்பாகத் துளைகளை அடைக்கும். எனவே ஒவ்வொரு குழாய்க்கும் கோல் விட்டுக் குத்திச் சுத்தம் செய்ய ஒரு வாய் வேண்டும்.

இன்னொன்று, பாதையை விடப் பெரியது. மலைக்குள்ளிருந்து வெளியேற்றும் தண்ணீர் யாருடையதோ ஒருவருடைய பீலித் தண்ணீர். உமாஓயா நீர்ச்சுரங்கம் தோண்டியபோது உள்ளே நீர் பீறிட்டு, பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றி, வீடுகள் வெடித்ததை ஊவா மக்கள் மறக்கவில்லை. ஆகவே தோண்டும் முன் சுரங்கக் கோட்டின் இருபுறமும் உள்ள கிணறு, ஊற்று, லயத்துப் பீலி ஒவ்வொன்றின் அளவையும் எழுதி வையுங்கள். தோண்டிக்கொண்டிருக்கும் முகப்பிலிருந்து முன்னே நீண்ட துளை போட்டுப் பாருங்கள். நீர் கூடுதலாக வந்தால், தோண்டும் முன்பே பாறைப்பிளவுகளுக்குள் சிமெந்துப்பால் செலுத்தி அடையுங்கள். தோண்டிய பிறகு அடைப்பது ஓடுகிற ஆற்றில் சாந்து பூசுவது போல.

தண்டவாளம், பிடிப்பு, எண்ணெய்

60 கிலோ தண்டவாளத்தில் ஒரு பாகை வெப்பம் கூடினால் கிட்டத்தட்ட 1.9 தொன் அழுத்தம் உண்டாகும். வெளியே தண்டவாளத்தின் வெப்பத்தில் பகலுக்கும் இரவுக்கும் 30 பாகை வித்தியாசம் வரும்போது ஒரு தண்டவாளத்தில் 57 தொன். 100 மீட்டர் வளைவில் இரண்டு தண்டவாளமும் சேர்ந்து ஒவ்வொரு மீட்டரையும் 11 கிலோநியூட்டனால் வெளிப்பக்கம் தள்ளும். சல்லி அதைத் தாங்கும் என்று நம்பக் கூடாது. ஆகவே வெளியே கூர்வளைவில் தண்டவாளத்தை நீளமாக ஒட்டவைப்பது தவறு. சுரங்கத்தின் உட்பகுதியிலோ வெப்பம் அதிகம் மாறாது. 5 பாகை மாறினால் அதே தள்ளுதல் 2 கிலோநியூட்டனுக்குள் நிற்கும். எனவே உள்ளே முழுவதும் ஒட்டிவிடலாம், ஒட்டவும் வேண்டும். ஈரத்தில் இருக்கும் பிஷ் பிளேட் மூட்டுதான், அதாவது இரு தண்டவாளத்தைத் தகடு வைத்து இணைத்த இடம்தான், முதலில் சேறு கக்கும். இணைப்பு மூட்டுகளை வாயிலிலிருந்து 30 மீட்டராவது வெளியே தள்ளி வையுங்கள்.

சுரங்கத்தில் தண்டவாளம் தலையில் தேய்ந்து சாவதில்லை, பாதத்தில் துருப்பிடித்துச் சாகிறது. கிளிப்பும் ரப்பர்த் தட்டும் மறைக்கும் இடத்தில், கண்ணுக்குத் தெரியாமல். போடும்போதே பாதத்துக்கும் அடிப்பக்கத்துக்கும் பிட்டுமன் பூச்சு, பிடிப்புகளுக்குத் துத்தநாகப் பூச்சு, தட்டுக்கும் பாதத்துக்கும் நடுவே கிரீஸ். ஆண்டுக்கு ஒருமுறை இருபதில் ஒரு கிளிப்பைக் கழற்றிச் சுரண்டிப் பாருங்கள். தண்டவாளத்தை மின்சுற்றாகப் பயன்படுத்தும் சமிக்ஞை முறை ஈரச்சல்லியில் ஏமாற்றும். உள்ளே போகும், வெளியே வரும் வண்டி அச்சுகளை எண்ணும் கருவி பாதுகாப்பானது.

200 மீட்டருக்குக் குறைந்த ஆரத்தில் பயணிகள் வண்டி ஓடும் பாதையில், சக்கரம் விலகாமல் பிடிக்க உட்தண்டவாளத்தை ஒட்டிக் காப்புத் தண்டவாளம் போடுவது பிரித்தானிய வழக்கம். 100 மீட்டர் ஆரத்துக்கு அதைக் கேள்வி கேட்காமல் போடுங்கள். எண்ணெய் பூசும் கருவி வெளித் தண்டவாளத்தின் பக்கவாட்டுக்கு மட்டும். தலையில் பட்டால் மேலே சொன்ன 8 தொன் பிடிமானமும் இராது.

வாயில்

உள்ளே கொங்கிரீட், வெளியே சல்லி என்றால் விறைப்பும் மென்மையும் சந்திக்கும் இடம் வாயில். மழை கொட்டுவதும் அங்கேதான். சேர்த்துவைத்தால் நான்கைந்து சிலிப்பர்கள் அடியில் பிடிப்பில்லாமல் தொங்கத் தொடங்கும். 20 மீட்டர் நீளத்துக்கு, கொங்கிரீட் பக்கத்தில் மென்மையான ரப்பர்த் தட்டும், வெளியே சல்லிக்கு அடியில் கொங்கிரீட் தொட்டியும், சிலிப்பர்களை நெருக்கியும் வைத்து மெல்ல மாற்றுங்கள். வளைவு மாறும் இடம், ஏற்றம் மாறும் இடம், தண்டவாள மூட்டு ஆகிய மூன்றில் ஒன்றும் இந்த 20 மீட்டருக்குள் வராமல் பார்ப்பது வரைபவரின் கடமை.

புகையும் மனிதர்களும்

15 கிலோமீட்டர் வேகத்தில் 200 மீட்டர் நீள வண்டி 562 மீட்டர் சுரங்கத்தைக் கடக்க மூன்று நிமிடம். இந்த அளவுக்குப் பெரும்பாலும் இயற்கைக் காற்றே போதும். ஆனால் காற்று வண்டியின் திசையிலேயே அதே வேகத்தில் வீசினால் புகை வண்டியோடு கூடவே நடக்கும். சுரங்கத்துக்குள் வண்டி நிற்கும்படியாகச் சமிக்ஞையை வைக்கவே கூடாது. வால்பெட்டியும் உள்ளே அகப்படாத தூரத்தில் வையுங்கள்.

பள்ளிக்கூடத்துக்கும் வேலைக்கும் மலையக மக்கள் சுரங்கத்துக்குள் நடந்து போகிறார்கள். தடைப்பலகை அதை நிறுத்தியதில்லை. எனவே 20 மீட்டருக்கு ஒன்றாக, பக்கம் மாற்றி மாற்றி, இரண்டு பேர் நிற்கும் ஆழமுள்ள ஒதுங்குகுழி தேவை. வளைவில் வெளிப்பக்கச் சுவரில் கூடுதலாக வையுங்கள். அங்கிருந்துதான் வருகிற வண்டி தூரத்திலேயே தெரியும், பெட்டிகள் சாய்வதும் எதிர்ப்பக்கம். குழியின் விளிம்புக்கு வெள்ளை பூசி, கையால் தடவிப் போனால் தட்டுப்படும்படி சுவரில் இடுப்புயரத்தில் ஒரு குழாய்க்கம்பி. அதே பக்கத்தில் 750 மில்லிமீட்டர் அகல நடைபாதை இருந்தால் வண்டி நின்றுபோன நாளில் வயதானவர்களையும் கைக்குழந்தைக்காரரையும் இறக்கிக் கூட்டிப்போகலாம். கானின் மூடியையே நடைபாதையாக்கலாம், ஆனால் மூடி ஆடக் கூடாது.

பாதை திறந்த முதல் மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை டோர்ச் வெளிச்சத்தில் உள்ளே நடக்க ஆள் போடுங்கள். பார்க்க வேண்டியவை: தண்டவாளத்துக்கு இடையே புதிதாக ஈரம், சல்லிமேல் வெள்ளைச்சேறு, சுவரில் முன்பு வழிந்து இப்போது காய்ந்துபோன பீலி. கடைசியாகச் சொன்னதுதான் அவசரம். வழிந்த இடம் மழைநாளில் காய்ந்திருந்தால் நீர் பின்னால் அடைபட்டு நிற்கிறது. அன்றைக்கே கோல் விட்டுக் குத்தித் திறக்க வேண்டும்.